எலுமிச்சைத் தழும்பு

"அந்தக் கல்லை உடைக்காம எடுக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

மங்கையர்க்கரசி கூடத்து வாசலிலேயே நின்று கேட்டாள். கையெல்லாம் கடலைமாவு. கழுவக்கூட நேரமில்லை என்று காட்டவே கழுவாமல் வந்திருந்தாள்.

சிவசைலம் கண்ணைத் திறந்தார்.

"எந்தக் கல்லு, அக்கா?"

"எந்தக் கல்லா? வெங்காயம் நறுக்கி நறுக்கி மூக்கைச் சிந்தின இடம் அதுக்குள்ள மறந்துபோச்சோ?"

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவருக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

சிவசைலம் இப்போது குரு. போன வருஷம்வரை மங்கையின் கீழ் வெங்காயம் நறுக்கியவர். அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். பீடத்தில் உட்கார்ந்த அன்றே மடம் முழுக்க அவரை 'சாமி' என்று கூப்பிடப் பழகிக்கொண்டது. மங்கைக்கு மட்டும் அந்தச் சொல் வாய்வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

மலையடிவாரத்து அந்த மடத்துக்கு அதற்கு முன்னால் சோலையம்மைதான் குரு. போன ஐப்பசி மழையில் அவள் போனாள். அதே மழையில் சமையற்கட்டின் கிழக்குச் சுவரும் சாய்ந்தது.

சுவருக்கு மட்டும்தான் முட்டுக்கொடுக்க முடிந்தது.

சோலையம்மை கூடத்தில் உட்கார்ந்து யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. கேள்வியோடு வந்தவர் சமையற்கட்டுக்குள் வரவேண்டும். வந்ததும் கையில் ஒரு கத்தி. எதிரே ஒரு பூசணிக்காய்.

"முதல்ல இதை நறுக்கு."

நறுக்கி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கேள்வி மறந்துவிடும். மீதிப் பேருக்குக் கேள்வியே வேறாகிவிடும். அப்படியும் விடாப்பிடியாக வைத்திருந்தவர்களுக்கு ஒரு பதில் கிடைக்கும். இல்லையென்றால் இன்னொரு பூசணிக்காய்.

நறுக்கியதெல்லாம் அந்தக் கல்லின்மேல்தான்.

கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, ஆள் நீளத்துக்கு, கன்னங்கரேலென்ற கடப்பாக் கல். சமையல் மேடை அதுதான். அதன் வலது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வெளுத்திருக்கும். அம்மை ஊறுகாய்க்கு எலுமிச்சை அரிகிற இடம். புளிப்புப் பட்டால் கடப்பாக் கல் கறுப்பை விட்டுவிடும்; எத்தனை தேய்த்தாலும் திரும்ப வராது. அம்மைக்கு அது தெரியும். தெரிந்தே வேறு எங்கும் அரியமாட்டாள்.

"கெட்டுப்போச்சே அம்மை, இந்த இடம்" என்று மங்கை ஒருமுறை அங்கலாய்த்தாள்.

"கெட்டது ஒரே இடமா இருக்கட்டுமே" என்றாள் அம்மை.

அம்மை போனபிறகு கூடத்து ஆண்கள் அவளுடைய ஊன்றுகோலை எடுத்துப் பட்டுத்துணி சுற்றினார்கள். செருப்புக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தார்கள். தினமும் பூ. வெள்ளிக்கிழமை தீபாராதனை.

அந்தச் செருப்பை அம்மை கொல்லைக்குப் போகும்போது மட்டும்தான் போட்டாள். மங்கைக்கு அது தெரியும். கும்பிடுகிறவர்களிடம் அவள் சொல்லவில்லை. மடத்து நிர்வாகம் பார்க்கும் வைத்திலிங்கத்திடம் மட்டும் ஒருநாள் சொன்னாள். அவர் அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை.

ஊன்றுகோல் தேடினார்கள், செருப்பு தேடினார்கள். ஆயுசு முழுக்க அவள் நின்ற இடம் எது என்று ஒரு ஆண்பிள்ளைக்காவது கேட்கத் தோன்றியதா? தோன்றாது. சோறு தட்டில் முளைக்கிறது என்று நினைப்பவர்களுக்கு அது எப்படித் தோன்றும்?

இப்போது பழைய சமையற்கட்டை இடிக்கப் போகிறார்கள். அடுத்த மழை வருவதற்குள் இடித்தாக வேண்டும். அதில் மங்கைக்கும் ஆட்சேபம் இல்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் புதுக்கட்டு தயார். மேடைக்குக் கால்கள் கட்டி முடித்தாயிற்று. மேலே போட கிரானைட் சொல்லியிருந்தார்கள்.

"கொத்தனார் வந்து பார்த்தார்" என்று வைத்திலிங்கம் இப்போது எழுந்து நின்று சொன்னார். "கடப்பாக் கல்லு, சாமி. அடுக்கு அடுக்கா இருக்கும். கடப்பாரையை வைச்சு நெம்பினா ரெண்டாப் போயிரும். உடைச்சுப் படிக்கட்டுக்குப் போட்டுக்கலாம்னார்."

"உங்க செருப்புப் பெட்டியை உடைச்சு முதல்ல படிக்கட்டுக்குப் போடுங்க, அண்ணாச்சி."

"மங்கையம்மா, பெரியவங்க முன்னால பேசற பேச்சா இது?"

"யாரு பெரியவங்க? சைலமா? நான் பருப்பு வேகவைக்கக் கத்துக்கொடுத்த ஆளு."

சிவசைலம் தலையசைத்தார். "உப்பு முன்னாலேயே போட்டுட்டேன். வேகவே இல்லை."

"சிரிக்காதீங்க. நான் சண்டைக்கு வந்திருக்கேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்தக் கல்லு முழுசா வரலைன்னா நான் புதுக்கட்டுல அடுப்பு பத்தவைக்க மாட்டேன். அம்மை இல்லாத மடத்துல எனக்கு வேலையும் இல்லை. அன்னிக்கே ஊருக்கு பஸ் ஏறிடுவேன்."

அவள் சொன்னால் செய்வாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

சிவசைலம் கேட்டார்:

"அந்தக் கல்லு எதைப் பிடிச்சுக்கிட்டிருக்கு, அக்கா?"

"கல்லு எதைப் பிடிக்கும்? அதுக்குக் கையா இருக்கு? பின்னால சுவரு அதைப் பிடிச்சிருக்கு. கீழே செங்கல் கால் ரெண்டும் பிடிச்சிருக்கு. நடுவுல கலவை."

"அப்போ கல்லை எதுக்கு நெம்பணும்?"

மங்கை கை மாவை முந்தானையில் துடைத்தாள்.

தான் சொன்னதையே தன்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்குப் பெயர் ஞானம் என்பது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. அம்மையும் இதையேதான் செய்வாள். ஆனால் அம்மை ஒரு பூசணிக்காயாவது கொடுப்பாள்.

சிவசைலம் பீடத்திலிருந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"வாங்க. சுவரைக் கழட்டுவோம்."

*

முதலில் மேடைக்கு அடியிலிருந்த விறகையெல்லாம் வெளியே எடுத்தார்கள். அந்த இடத்தில் தவிட்டு மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கல்லின் அடிவயிறு வரை இறுக்கிச் செருகினார்கள். கால் போனாலும் கல் மூட்டைமேல் உட்காரும்.

சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் ஓடிய கலவை பழைய சுண்ணாம்பு. உளி வைத்தால் கல் அதிரும். மங்கை யோசித்தாள். உள்ளே போய், பிடி உடைந்து பரணில் கிடந்த பழைய தோசைத் திருப்பியை எடுத்து வந்தாள். தேய்ந்து தேய்ந்து தகடு காகிதம்போல ஆகியிருந்தது.

தண்ணீர் விட்டு, ஊறவிட்டு, சுரண்டினாள். சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது.

அந்தத் தோசைத் திருப்பியைப் பார்த்தால் அவளுக்கு இன்னமும் கோபம் வரும்.

சிவசைலம் மடத்துக்கு வந்த புதிதில் ஒரு காலைப்பொழுது. அம்மை தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை. புகையும் நல்லெண்ணெய் வாசனையுமாக அடுக்களை முழுக்கக் கதகதப்பு. சிவசைலம் அன்று ஒல்லிப்பிச்சானாக, மூலையில் வெங்காயத்தோடு அழுதுகொண்டிருந்தார். மங்கை கேட்டாள்:

"எல்லாருக்கும் நீங்க குரு. உங்களுக்கு யாரு குரு, அம்மை?"

அம்மை தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"கேட்டது காதுல விழலையா?"

தோசை வெந்தது. அம்மை அதை எடுத்து மங்கையின் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு."

எத்தனை வருஷமாயிற்று! அந்தத் தோசையின் ருசிகூட நாக்கில் இருக்கிறது. பதில்தான் வரவில்லை. அம்மை போகிற அன்றுகூட மங்கை அதைக் கேட்டுப் பார்க்க நினைத்தாள். அம்மை அப்போது எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு நாக்கில் விடச் சொன்னாள். கேள்வி போய்விட்டது.

"அக்கா, கை நிக்குது" என்றார் சிவசைலம்.

"நிக்கலை. ஊறட்டும்னு விட்டேன்."

சுவர்ப் பக்கம் விட்டதும் கால்களுக்கு வந்தார்கள். கல்லைத் தொடாமல், மேல்வரிசைச் செங்கலை ஒவ்வொன்றாக உருவினார்கள். கடைசிச் செங்கல் வந்தபோது கல் ஒரு பெருமூச்சு விட்டதுபோல மூட்டைகளின்மேல் இறங்கி உட்கார்ந்தது.

எங்கும் ஒரு கீறல் இல்லை.

மங்கை வலது ஓரத்து வெளுப்பை முந்தானையால் துடைத்தாள். அதற்குமேல் அங்கே நிற்காமல் வாசல் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

திரும்பி வந்தபோது சமையற்கட்டுக்குள் கூட்டம்.

வைத்திலிங்கம் கையில் ரோஜா மாலை. கூடவே கூடத்து ஆட்கள் நாலுபேர், குளித்து விபூதி பூசி.

"முழுசா வந்துருச்சாமே! அம்மையோட அருள்" என்றார். "இனி இது சமையலுக்குப் போகக்கூடாது, மங்கையம்மா. கூடத்துக்குத்தான் போகணும். கண்ணாடி அடைச்சு, விளக்கு வைச்சு..."

"அப்போ படிக்கட்டு. இப்போ சாமியா?"

"அம்மை தன் கையால மலையிலேர்ந்து கொண்டுவந்த கல்லு இது."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா நீங்கதானே?"

வைத்திலிங்கம் மாலையை வெளுத்த இடத்தின்மேல் வைத்தார். நாலுபேரும் கல்லின் நாலு மூலைக்கும் போனார்கள்.

"படுக்கவைச்சுத் தூக்காதீங்க!" மங்கை கத்தினாள். "நிமிர்த்திக் கதவு மாதிரி எடுங்க. கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைப் படுக்கப்போட்டா எடுத்துட்டுப் போறார்? நீளக் கல்லு. நடுவுல தாங்க ஆளில்லைன்னா தன் கனத்துலேயே முறியும்."

"அம்மை கல்லை ஓரத்துல நிக்கவைக்கறதா? கவுத்துப் பிடிக்கறதா?" வைத்திலிங்கம் காதைப் பொத்திக்கொண்டார். "தோளுக்குமேல பல்லக்கு மாதிரிதான் போகணும். மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

"மரியாதை கல்லைத் தாங்குமா அண்ணாச்சி?"

"தூக்குங்கப்பா!"

தூக்கினார்கள். 'அம்மையே' என்று ஒரு குரல். மாலையோடு கல் இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வந்தது.

அப்போது கல்லுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

தூரத்தில் யாரோ அப்பளம் ஒடித்ததுபோல.

நாலுபேரும் அப்படியே நின்றார்கள். கீழே வைக்கவும் பயம். நகரவும் பயம். கை நடுங்க நடுங்க, கல்லும் நடுங்கியது.



சிவசைலம் எங்கிருந்து வந்தாரென்று யாரும் பார்க்கவில்லை. குனிந்தார். கல்லுக்கு அடியில் நுழைந்தார். உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, கல்லின் நடுவயிற்றுக்கு முதுகைக் கொடுத்தார். மடத்தின் குரு மேடையின் காலாகிவிட்டார்.

"சாமி!" என்று அலறினார் வைத்திலிங்கம்.

"அக்கா சொல்றதைக் கேளுங்க" என்றது கல்லுக்கு அடியிலிருந்து குரல். "சீக்கிரம். அவங்க ஒல்லிப்பிச்சான்னு சொன்ன முதுகு இது."

மங்கை மாலையைப் பிடுங்கி எறிந்தாள்.

"அந்தப் பக்கம் ரெண்டு பேரும் இறக்குங்க. மெதுவா. இந்தப் பக்கம் ஏத்துங்க. சாக்கை ஓரத்துக்குக் கீழே போடுங்க, அண்ணாச்சி, வேடிக்கை பார்க்காம! இன்னும். இன்னும். நிக்கட்டும்."

கல் ஓரத்தில் நிமிர்ந்து நின்றது. சிவசைலம் வெளியே வந்து முதுகைத் தடவினார். ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஓர் ஏடு உதிர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

முற்றத்தில் இடப்பக்கம் கூடம். வலப்பக்கம் புதுக்கட்டு.

"கூடத்துக்கா, புதுக்கட்டுக்கா, சாமி?" என்று மெல்லக் கேட்டார் ஒருவர்.

சிவசைலம் மங்கையைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே வலப்பக்கம் திரும்பி, கல்லின் அடிப்புறத்தைத் தோளால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

யாரும் வாதாடவில்லை. வாதாடுகிறவள் அவள் ஒருத்திதான்.

*

புதுக்கட்டுக்குள் கொண்டுபோய்க் கல்லைச் சுவரோடு சாய்த்தார்கள். சுண்ணாம்பு வாசனையும் வெயிலுமாகப் புதுசு. ஒரு புகைக்கோடுகூட இல்லாத சுவர்களைப் பார்க்க மங்கைக்கு அந்நியர் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது.

"அக்கா, உங்க முகம்" என்றார் சிவசைலம்.

கன்னமெல்லாம் கரி. இத்தனை காலம் அடுப்புப் புகை குடித்த அடிப்புறம். அதில் கன்னம் வைத்துத்தான் அவள் தாங்கி வந்திருக்கிறாள்.

அவள் கல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

கரியில் அவள் கன்னமும் தோளும் தேய்த்துத் துடைத்த இடம் மட்டும் தெரிந்தது. அந்த இடம் கறுப்பாக இல்லை.

அருகில் போனாள். முந்தானையை நனைத்துத் துடைத்தாள். இன்னும் கொஞ்சம் துடைத்தாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வீசியே ஊற்றினாள்.

இடது ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, வெளுப்பு.

எலுமிச்சை வெளுப்பு. அதே வட்டம். அதன்மேல் மெல்லிசாகக் கத்திக் கோடுகள். அம்மையின் கோடுகள் வலப்பக்கம் சாயும். இவை இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

"இடக்கைக்காரி" என்றாள் மங்கை.

"யாரு?" என்றார் வாசலில் நின்ற வைத்திலிங்கம். "அம்மைக்கு வலதுகைதானே?"

மங்கைக்கு அவர் குரல் கேட்கவில்லை.

ஏதோ ஒரு காலம். ஏதோ ஓர் அடுக்களை. யாரோ ஒருத்தி இங்கே நின்று எலுமிச்சை அரிந்திருக்கிறாள், ஆயுசு முழுக்க, ஒரே இடத்தில். அவள் போனபிறகு இன்னொருத்தி இந்தக் கல்லை உடையாமல் பெயர்த்து எடுத்திருக்கிறாள். அவளும் இந்த வெளுப்பைத் தடவியிருப்பாள். அவளும் முகம் கழுவ வாசலுக்குப் போயிருப்பாள்.

பிறகு என்ன செய்தாள்?

மங்கையின் காதில் ஒரு சத்தம் கேட்டது. எண்ணெய் பொரிகிற சத்தம். வெளியே மழை. அம்மை தோசையைத் திருப்பிப் போடுகிறாள்.

மங்கை கல்லருகே குனிந்தாள். வெளுப்பின்மேல் தன் கையை வைத்தாள். பிறகு கல்லுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டு, அந்தப் பக்கத்து வெளுப்பின்மேலும் வைத்தாள். எலுமிச்சை வாசனை வந்ததா, வந்ததாக அவளுக்குத் தோன்றியதா, தெரியாது.

"தூக்குங்க" என்றாள். "அம்மை பக்கம் கீழே."

சிவசைலம் ஒரு மூலைக்குப் போய்க் கை கொடுத்தார்.

புதுக்கால்களின்மேல் கலவை விரித்திருந்தது. நிமிர்ந்து வந்த கல் மெதுவாகச் சாய்ந்தது. சோலையம்மையின் வெளுப்பு ஒரு கணம் வெயிலில் தெரிந்து, அடியில் போயிற்று. யாரோ ஒருத்தியின் வெளுப்பு மேலே வந்தது. அதற்கு வலப்பக்கம், கல் முழுக்க, தொடாத கறுப்பு.

வைத்திலிங்கம் தாங்க முடியாமல் உள்ளே வந்தார். மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து சமையலில் கை வைக்காத மனிதர். கண் கலங்கியிருந்தது.

"ஏன் இப்படிப் பண்ணினே, மங்கையம்மா? அம்மை இருந்த இடத்தை நாம கண்ணால பார்க்க வேண்டாமா? இப்போ அம்மை எங்கே?"

மங்கை பழைய கட்டுக்குப் போனாள். ஒரு கையில் கத்தியும் இடுப்பில் பூசணிக்காயுமாக வந்தாள். இரண்டையும் அந்தக் கறுப்பின்மேல், அவருக்கு எதிரே வைத்தாள்.

"முதல்ல இதை நறுக்குங்க, அண்ணாச்சி."

வைத்திலிங்கம் பூசணிக்காயைப் பார்த்தார். சிவசைலத்தைப் பார்த்தார். மூலையில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் அவர் அதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தார்.

வைத்திலிங்கம் கத்தியைக் கையிலெடுத்தார். எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை.

"தோலோடவா, தோலைச் சீவிட்டா?"

"நறுக்கிக்கிட்டே கேளுங்க" என்றாள் மங்கை. அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.